‘மா’ என்று சொன்னவர்கள்

பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் அந்துருண்டை வாசம் முகத்தில் அடிக்கிறது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நீ போட்டு வைத்த உருண்டைகள் பாசிப்பயறு அளவுக்குக் கரைந்துவிட்டன, வாசம் மட்டும் குறைந்தபாடில்லை. கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் நம் கார்டுகளைத் தின்றுவிடும் என்று மாதம் தவறாமல் புது உருண்டை வாங்கிப் போடுவாய். பூச்சியிடமிருந்து நன்றாகத்தான் காப்பாற்றினாய். இப்போது அந்தக் கார்டுகளை மேசை முழுக்கப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாளைக் காலை அச்சகத்துக்குக் கோப்பு போயாக வேண்டும். புத்தக அட்டையில் உன் பெயரை வைப்பதா, எடுப்பதா என்று மதியத்திலிருந்து யோசித்தேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருந்தவரை உன்னை நான் ஒருமையில் கூப்பிட்டதில்லை. என்னைவிட மூன்று வயது மூத்தவள், அதனால் அக்கா, அதனால் ‘ங்க’. நம் கொங்குப் பக்கத்தில் சண்டை போட்டால்கூட ‘ங்க’ போட்டுத்தானே போடுவோம். ‘உங்களுக்கு அறிவிருக்குதுங்களா’ என்று கேட்கிற ஊர் இது. ஆனால் இந்தக் கடிதத்துக்கு மட்டும் ‘ங்க’ வரவில்லை. வரவழைக்கவும் நான் முயலவில்லை.

முதல் நாள் ஞாபகமிருக்கிறதா? அவிநாசிப் பக்கத்து நூற்பாலையில் நீ பெண்கள் விடுதி வார்டன். விடுதி விதிமுறைகளைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அடித்து வாங்க வேண்டும் என்று காந்திபுரத்தில் என் டிடிபி கடைக்கு வந்தாய். ஒடியா எழுத்தைச் சரிபார்க்க ஒரு பெண்ணையும் கூட்டி வந்திருந்தாய். அவள் ஆலைக்கு வந்து ஆறே மாதம். பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்துத் தமிழ் எழுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். என் திரையில் ஏதோ கோயில் நோட்டீஸ், ‘மாவிளக்கு பூஜை’ என்று தலைப்பு. அவள் முதல் எழுத்தை மட்டும் படித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். என்னவென்று நீ கேட்டாய். “எங்க ஊர்ல மான்னா அம்மா,” என்றாள்.

உடனே நீ சொன்னாய்: “எங்கூட்டுல தெலுங்குல மான்னா எங்களோடதுன்னு அர்த்தமுங். மா இல்லுன்னா எங்க ஊடு. உங்களையும் சேத்துச் சொல்லோணும்னா மன இல்லுங்கோணும்.” பில் புத்தகம் அடிக்க வந்து காத்திருந்த பாலக்காட்டுக்காரர் விடுவாரா? தங்கள் பக்கத்தில் மாமரத்துக்கும் மாவு, இட்லி மாவுக்கும் மாவுதான் என்றார். என் பங்குக்கு நானும் பள்ளிக்கூடத்தில் படித்ததை எடுத்துவிட்டேன். தமிழில் மா என்றால் மாமரம், விலங்கு, குதிரை, பெரியது, போதாததற்கு ஒரு நில அளவு. நீ கன்னத்தில் கை வைத்துக்கொண்டாய்.

“ஒத்தை எழுத்துக்கு இத்தனை சோலியா.”

கடை மூலையில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கட்டு கிடந்தது. மாப்பிள்ளை பெயரில் எழுத்து மாறிப்போனதால் திரும்பி வந்த கட்டு. அதில் ஒன்றை எடுத்து இரண்டாக வெட்டி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் அந்தப் பெண்ணை ஒடியாவில் எழுதச் சொன்னவள் நீ. கீழே அவள் பெயர், ஊர், தேதி. நம் முதல் கார்டு அதுதான். புரட்டிப் பார்த்தால் இன்றும் பாதி விநாயகர் தெரிவார்.

பதினொரு வருடம் இப்படி ‘மா’ சேர்த்தோம். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை. எதற்கு என்று என் வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டார். சிலர் கோயில் கோயிலாகப் போகிறார்கள், சிலர் சேலை சேலையாகப் பார்க்கிறார்கள், நாங்கள் ஒரு எழுத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம் என்றேன். “நடத்துங்க,” என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

விதி போட்டவள் நீ. அகராதி பார்க்கக்கூடாது, போன் பார்க்கக்கூடாது. அந்த மொழிக்காரர் எதிரில் இருக்க வேண்டும், நம் காது கேட்க அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும், தன் கையால் தன் எழுத்தில் எழுத வேண்டும், வீட்டில் எப்போது எப்படிச் சொல்வார் என்று ஒரு வாக்கியமும் சொல்ல வேண்டும். “வாயில்லாத கார்டு நமக்கு வேண்டாமுங்,” என்பாய். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நீ சொன்ன இந்த விதியை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

விதியில் எழுதாத விதி ஒன்றும் இருந்தது. எடுத்த எடுப்பில் சொல்லைக் கேட்கக்கூடாது. முதலில் “சாப்ட்டீங்ளா”. பிறகு ஊர், பிறகு பிள்ளை குட்டி, உடம்புக்கு என்ன, மழை உண்டா. கடைசியில்தான் சொல். சாப்பிட்டாயா என்று கேட்காமல் ஒரு மனிதரிடம் வேறு எதையும் கேட்பது உன் கணக்கில் திருட்டுக்குச் சமம். பீளமேட்டில் ஒரு அடுக்குமாடி வாசலில் இருந்த நேபாளத்துக் காவலாளியிடம் நீ ஒன்றரை மணி நேரம் இந்தியில் பேசினாய். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே, தங்கள் மொழியில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் ‘மா’ ஒட்டினால் அந்த ஊரில் என்று அர்த்தம் என்றார். “கோயம்புத்தூர்மா,” என்று எழுதிக் காட்டினார். தான் கோயம்புத்தூர்மா, சம்சாரம் ஊர்மா, அதுதான் கஷ்டம் என்றார். அந்தக் கஷ்டத்தையும் சேர்த்து நீ எழுதிக்கொண்டாய்.

கோபிசெட்டிபாளையம் தாண்டி இலங்கை அகதிகள் முகாமில் ஒரு அம்மா இடியாப்பம் பிழிந்துகொண்டே சொன்னார்: “நீங்கள் மாவு எண்டு சொல்லுவியள். நாங்கள் மா எண்டுதான் சொல்லுவம்.” கை முழுக்க மாவாக இருந்ததால் கார்டின் ஓரத்தில் அவருடைய விரல் தடம் விழுந்தது. வேறு கார்டு தரட்டுமா என்று நான் கேட்க, நீ என்னை முறைத்தாய்.

இப்படி அலைந்து பழகிய கைக்கு ஒரு நாள் அவசரம் வந்தது. எனக்குத்தான். சமஸ்கிருதத்தில் ‘மா’ என்றால் வேண்டாம், செய்யாதே என்று ஒரு பழைய புத்தகத்தில் பார்த்தேன். தாய் என்று சொல்கிற அதே ஓசை இன்னொரு இடத்தில் ‘கூடாது’ என்று சொல்வது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நானே எழுதி ஒரு கார்டு தயார் செய்துவிட்டேன். அடுத்த ஞாயிறு டீக்கடையில் நீட்டினேன். நீ திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

“ஆரு சொன்னாங்?”

“புஸ்தகத்துல இருந்துச்சுங்க்கா.”

“புஸ்தகத்துக்கு வாய் இருக்குதுங்ளா? அது சாப்ட்டுச்சான்னு கேட்டீங்ளா?”

டீக்கடைக்காரர், இரண்டு கண்டக்டர்கள், கூடை வைத்திருந்த ஒரு பெண், எல்லோரும் பார்க்க அந்தக் கார்டை நான்காகக் கிழித்து டம்ளருக்கு அடியில் வைத்தாய். ஒரு வார்த்தை திட்டவில்லை. “போச்சாது, உடுங் கண்ணு, வேற பார்த்துக்கலாம்,” என்றாய். எனக்குக் காது மடல் எரிந்தது. பிறகு மூன்று வாரம் நடையாய் நடந்து, அவிநாசியில் ஒரு அர்ச்சகர் சொல்லி, எழுதிக் கொடுத்த பிறகுதான் அந்தச் சொல் டப்பாவுக்குள் போனது. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். கறாரான மனுஷி, இப்படி ஒருத்தி கூட இருந்தால்தான் வேலை சுத்தமாக இருக்கும் என்றேன். சொன்னது என் வாய்தான், மறுக்கவில்லை.

அப்போது நீ தனியாகவும் போக ஆரம்பித்திருந்தாய். திருப்பூருக்கு. பனியன் வாங்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஓட்டல் ஒன்று இருக்கிறது, வரவேற்பறையில் போய் உட்கார்ந்தால் உலகமே வந்து போகும், இரண்டு பேர் போனால் சந்தேகப்படுவார்கள், நான் மட்டும் போகிறேன் என்றாய். உனக்கு இங்கிலீஷ் வரும் என்று நான் நம்பினேன். விடுதிக்கு வெளிநாட்டு ஆடிட்டர்கள் வரும்போது நீதான் சுற்றிக் காட்டுவாய் என்று சொல்லியிருந்தாய். எனக்கு நாள் முழுக்க இங்கிலீஷில்தான் வேலை. கிரைண்டர், பம்பு கம்பெனிகளின் விளக்கக் குறிப்பு, எல்லாம் எழுத்து எழுத்தாக அடிப்பேன். வாயைத் திற என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் உன் திருப்பூர் ஞாயிறுகளை வாயைப் பிளந்து கேட்டேன்.

தாய்லாந்துக்காரி ஒருத்தி, அவர்கள் மொழியில் மா என்றால் ‘வா’ என்றாள். குரலை மாற்றினால் நாய், இன்னும் மாற்றினால் குதிரை. வியட்நாம்காரர் ஒருவர், மா என்றால் பேய் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். இத்தாலிக்காரருக்கு அது ‘ஆனால்’. மனைவியிடம் எதைச் சொன்னாலும் அவள் முதலில் மா என்பாள் என்று தலையில் அடித்துக்கொண்டாராம். ஜப்பான்காரருக்கு அது இடைவெளி, இரண்டு பொருளுக்கு நடுவில் விடுகிற சும்மா இடம். ஒவ்வொன்றையும் நீ நடித்துக் காட்டுவாய். என் பக்கத்துக் கார்டுகள் எல்லாம் காவலாளியும் தறிக்காரரும் விடுதிப் பெண்ணும். உன்னுடையவை கடல் தாண்டி வந்தவை. பொறாமையாகத்தான் இருந்தது. அதைவிடப் பெருமை அதிகம். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினேன்.

என் வீட்டுக்காரர் போன பதினேழாம் நாள் உனக்குத் தெரியும். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் போய்விட்டார்கள். காலையில் கண் விழித்தேன், எழுந்திருக்க முடியவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தால் அதற்குப் பிறகு என்ன என்று தெரியவில்லை, அவ்வளவுதான். பதினொரு மணிக்கு நீ வந்தாய். காப்பி போட்டாய். காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தாய்.

ஹங்கேரி நாட்டுக் கிழவர் ஒருவர் என்றாய். எழுபது வயதிருக்கும், பனியன் துணி பார்க்க வந்தவர், சம்சாரம் தவறி ஒரு வருடம். அவர்கள் மொழியில் மா என்றால் ‘இன்று’. “காலைல காலைக் கீழ வெக்கறப்ப மான்னு சொல்லிக்குவாராமுங். இன்னைக்கு. அவ்வளவுதான். நாளைக்குன்னு வேற ஒரு வார்த்தை இருக்குது, அது எனக்கு இப்பத்திக்கு வேண்டாம்னாராமுங்.” கார்டில் அவர் கையெழுத்து, ‘ma’ என்று இரண்டே எழுத்து, கீழே பெயர். சொல்லும்போது அவர் அழுதாரா என்று கேட்டேன். “இல்லீங். ஜன்னலைப் பாத்துட்டு இருந்தாரு,” என்றாய்.

அன்று நான் எழுந்தேன். மறுநாளும் எழுந்தேன். நான்கு வருடமாகத் தினமும் காலில் தரை படும்போது அந்தச் சொல்லைச் சொல்லித்தான் எழுந்திருக்கிறேன். பார்க்காத அந்தக் கிழவரோடு ஒரு மாதிரி சிநேகமாகிவிட்டேன். அவருக்கு முட்டி வலி இருக்குமா, காப்பி யார் போட்டுத் தருவார் என்றெல்லாம் யோசித்திருக்கிறேன். புத்தகம் வந்தால் முதல் பிரதி அவருக்கு என்று உன்னிடமே சொன்னேன். நீ தலையை ஆட்டினாய்.

நீ போனது ஒரு சொடக்கில். காலையில் சிங்காநல்லூர் வீட்டில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய். இரண்டு மாதம் கழித்து உன் தம்பி டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். புத்தகமாகப் போட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன். பக்கத்துக்கு ஒரு கார்டு. மொழி, அர்த்தம், வாக்கியம், சொன்னவர், ஊர், நாள். அச்சிடும் முன் சொன்னவர்கள் எல்லோருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்பது என் ஆசை. காவலாளியைப் பார்த்தேன், முகாம் அம்மாவைப் பார்த்தேன், ஒடிசாவுக்குத் திரும்பிப்போன பெண்ணோடு போனில் பேசினேன். மிச்சம் இருந்தது உன் திருப்பூர் ஆட்கள், பதினேழு பேர்.

அந்த ஓட்டலுக்குப் போனேன். வரவேற்பில் ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், பன்னிரண்டு வருடமாக அங்கேதான் வேலையாம். கார்டுகளைக் காட்டி, இந்த விருந்தினர்களுக்குக் கடிதம் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அவள் தேதியும் பெயரும் போட்டுக் கம்ப்யூட்டரில் தேடினாள். முதல் கார்டுக்கு இல்லை என்றாள். எழுத்து மாற்றிப் போட்டுப் பாருங்கள் என்றேன். போட்டாள். இரண்டாவதும் இல்லை. ஏழாவதுக்கு அப்புறம் அவளுக்கே சங்கடமாகிவிட்டது. உன் படத்தைக் காட்டினேன்.

“இந்தக்காவா? தெரியுமுங். மாசம் ஒருக்கா வருவாங்க. அந்த ஜன்னலோரம் சோபாவுல உக்காந்துக்குவாங்க. ஒரு டீ சொல்லுவாங்க.”

“யாருகூடப் பேசுவாங்க?”

“ஆருகூடயும் பேச மாட்டாங்க. வர்ற வெள்ளைக்காரங்களப் பாத்துட்டே இருப்பாங்க. எந்திரிப்பாங்க, ரெண்டடி போவாங்க, திரும்பி வந்து உக்காந்துக்குவாங்க. அப்பறம் போனைப் பாத்துப் பாத்துக் கார்டுல என்னமோ எழுதுவாங்க. ஒருக்கா நானே போயிக் கேட்டேனுங், ஏதாவது கேக்கோணும்னா நான் இங்கிலீசுல கேட்டுச் சொல்றேனுங்க்கான்னு. வேண்டாங் கண்ணு, சாப்ட்டீங்ளான்னு கேக்கத் தெரியாதவ போயி மத்தது கேக்கக்கூடாதுன்னுட்டாங்க.”

நான் அந்த சோபாவில் உட்கார்ந்தேன். எனக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தாள். ஆறிப்போகும்வரை கையில் வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து பதினேழு கார்டையும் வரிசையாக அடுக்கினேன். முப்பது வருடமாக எழுத்துருவை வைத்துப் பிழைப்பவள் நான். புள்ளி அரை மில்லி நகர்ந்தால் கண்டுபிடிப்பேன். தாய்லாந்து எழுத்தின் சுழி அச்சு வைத்தாற்போல வட்டமாக இருந்தது. கையால் எழுதுகிறவர் யாரும் அப்படிச் சுழிக்க மாட்டார். ஜப்பான் எழுத்தின் கோடுகள் போன் திரையில் தெரிகிற தடிமனிலேயே வரையப்பட்டிருந்தன. எல்லாம் ஒரே நீலப் பேனா. இதை நான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். நீ கொண்டுவந்தாய் என்பதால் பார்க்கவில்லை. தேதிகளையும் பார்த்தேன். டீக்கடையில் என் கார்டை நான்காகக் கிழித்தாயே, அதற்கு இரண்டு வாரம் முன்புதான் தாய்லாந்துக்காரி பிறந்திருக்கிறாள்.

அந்த இரவு உன்னைத் திட்டினேன். வாய்விட்டே திட்டினேன். பொய் சொல்லியதற்குக்கூட அவ்வளவு இல்லை. உனக்கு இங்கிலீஷ் பேச வராது என்பதை என்னிடம் மறைத்தாயே, அதற்கு. எனக்கும்தான் வராது. சொல்லியிருந்தால் நானும் வந்திருப்பேன். இரண்டு பேருமாக அந்த சோபாவில் உட்கார்ந்து திருதிருவென்று முழித்திருப்போம், டீயைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே பஸ் ஏறியிருப்போம். அந்த ஞாயிறுகளை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு, பதிலுக்குப் பதினேழு பொய் ஆட்களைக் கொடுத்திருக்கிறாய். அதிலும் அந்தக் கிழவர். நான் விதவையாகிக் கட்டிலில் கிடந்த நாளில், என் கண்ணைப் பார்த்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொன்னாயே. எப்படி முடிந்தது உன்னால்?

போனில் தேடியும் பார்த்தேன். விதி போட்டவளே மீறிவிட்டாள், இனி எனக்கென்ன. தப்பாக ஒன்றாவது இருக்காதா என்று ஆசைப்பட்டேன். ஒன்றுகூட இல்லை. தாய்லாந்தில் அது ‘வா’தான், வியட்நாமில் பேய்தான், ஹங்கேரியில் ‘இன்று’தான். சொல் எல்லாம் நிஜம், சொன்ன ஆட்கள் மட்டும் இல்லை. மறுநாள் காலை காலைக் கீழே வைத்தேன், வாயில் அந்தச் சொல் வரவில்லை. பத்து நாள் அப்படியே எழுந்தேன்.

இன்று மதியம் உன் தம்பி வந்தார். அட்டையைப் பார்க்க வேண்டும் என்றார். “அக்கா பேரு மொதல்ல வரட்டுமுங். அவளுக்குன்னு இருந்தது இது ஒண்ணுதானுங்,” என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. கார்டுகளைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“அந்தப் பதினேழையும் எடுத்துப்போட்டு மிச்சத்தைப் போட்ருங். ஆருக்கும் தெரிய வேண்டாமுங்.”

“ஏன் இல்லைன்னு கேப்பாங்களுங். எல்லார்த்துக்கும் காட்டியிருக்கறனே.”

“செத்தவளச் சந்தி சிரிக்க வெக்கப் போறீங்ளா?”

கோபமாக எழுந்தவர் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். “ஆடிட்டருங்க வந்தா அவ ஸ்டோர் ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்குவாளுங். எனக்கு ஒருக்காச் சொல்லியிருக்கறா. உங்ககிட்டச் சொல்லலீங்ளா?” என்றார். இல்லை என்றேன். “உங்களப் பத்திப் பேசறப்ப எல்லாம், அந்தம்மா எவ்வளவு படிச்சவங்க தெரியுமான்னுதான் ஆரம்பிப்பாளுங்,” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். பி.ஏ. மூன்றாம் வருடத்தை முடிக்காதவள் நான். உனக்கு அது தெரியாது. நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவர் போனபிறகு கோப்பைத் திறந்தேன். பதினேழு பக்கத்தையும் அழிப்பதென்றால் ஒரு நிமிட வேலை. அழித்தால் நீ கறாரான மனுஷியாகவே இருந்துவிடுவாய், நான் மட்டும் பொய்யை வைத்துக்கொண்டு அலைய வேண்டும். அப்படியே விட்டால் நானும் உன்னோடு சேர்ந்து பொய் சொன்னவளாவேன். இரண்டுக்கும் எனக்கு மனமில்லை. முன்னுரையில் ஒரு பத்தி எழுதினேன். ஓட்டலுக்குப் போனது, பெயர்கள் இல்லாதது, ஜன்னலோர சோபா, எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதினேன். இதைப் படித்தால் நீ என்னோடு ஆறு மாதம் பேச மாட்டாய். பேசாமல் இருந்துகொள்.

பிறகு தாய்லாந்துப் பக்கத்துக்குப் போனேன். ‘சொன்னவர்’ என்ற இடத்தில் இருந்த பெயரை எடுத்துவிட்டு உன் பெயரை அடித்தேன். ஊர் என்ற இடத்தில் சிங்காநல்லூர். அடுத்து வியட்நாம், அடுத்து இத்தாலி. பதினேழு தடவை உன் பெயரை அடித்தேன், ஒரு தடவைகூட வெட்டி ஒட்டவில்லை. என் எதிரில் உட்கார்ந்து, என் காது கேட்க, நடித்துக் காட்டிச் சொன்னவள் நீதானே. அந்தக் கார்டுகளுக்கு இருந்த ஒரே வாய் உன்னுடையது. அட்டையிலும் உன் பெயர் இருக்கிறது, என் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவில்.

ஹங்கேரிப் பக்கத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அந்தக் கிழவரை அழித்தபோது மட்டும் கை நின்றது. நான்கு வருடச் சிநேகம், முகம் தெரியாத மனிதர், இனி அவருக்கு முட்டி வலி கிடையாது. உன் பெயரை அடித்தேன். கீழே வாக்கியத்தை மாற்றவில்லை: காலையில் காலைக் கீழே வைக்கும்போது சொல்லிக்கொள்வேன். சொன்னவர் பெயர் மாறியதும் அந்த வாக்கியம் உன்னுடையதாக நின்றது. கல்யாணமாகாமல், தெலுங்கு பேசப் பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்லாத வீட்டில், நீ எப்படி எழுந்தாய் என்று நான் பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. சாப்ட்டீங்ளா என்றுதான் கேட்டேன்.

கோபம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை, நீ எதிரில் வந்து உட்கார்ந்து திட்டு வாங்கினால் ஒருவேளை போகலாம். ஆனால் நாளைக் காலை அந்தச் சொல்லைச் சொல்லித்தான் எழுந்திருப்பேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று யாராவது கேட்டால் உன் பெயரைச் சொல்வேன்.